அந்தப் புள்ளி நகர்ந்ததா?

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் அக்காவுக்குத் தூத்துக்குடிப் பக்கம் ஊர். மும்பை ஆண்டாப்ஹில்லுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. மூத்த பையன் மாலுமிப் படிப்பு முடித்து முதல் கப்பல் ஏறிய அன்று கட்டடம் முழுக்க லட்டு கொடுத்தார். ஒன்பது மாதம் கழித்து ஒரு ராத்திரி பத்து மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் போன். திரையில் பையன் வாட்ஸப்பில் அனுப்பிய இரண்டு எண்கள்: ஒன்று அட்சரேகை, இன்னொன்று தீர்க்கரேகை.

"தம்பி, நீங்க கம்ப்யூட்டர்ல கப்பலெல்லாம் பாப்பீங்களாமே. அஞ்சு மாசமாச் சம்பளம் இல்லையாம். இங்கதான் நிக்குதுன்னு சொல்றான். நெசமாவே அங்கதான் நிக்குதா, இல்ல நான் பயப்படுவேன்னு எதையாச்சும் மறைக்கிறானான்னு பாத்துச் சொல்லுங்க."

வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே, கப்பல்கள் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் இடம் அது. சென்டினல்-2 படங்களைத் திறந்தேன். ஐரோப்பியர்கள் ஏவிய இந்தச் செயற்கைக்கோள்களின் படங்களை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். அதில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். பையனின் கப்பல் 110 மீட்டர் நீளம். ஆக, மொத்தமே பதினோரு புள்ளி. கருநீலத் தண்ணீரில் வெட்டிப் போட்ட நகத்துண்டு மாதிரி ஒரு வெள்ளைக் கீற்று.

ஐந்து நாளுக்கு ஒரு படம் கிடைக்கும். ஒவ்வொரு தேதியாகப் பின்னால் போனேன். கப்பலின் இடம் மாறவில்லை, திசை மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. ஒரு படத்தில் அணியம் (கப்பலின் முன்முனை) வடக்கே, அடுத்ததில் வடமேற்கே, அதற்கடுத்ததில் கிழக்கே. நங்கூரத்தில் நிற்கிற கப்பல், முளையில் கட்டிய மாடு போலக் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்பச் சுற்றிக்கொண்டிருக்கும். இடத்தோடு திசையும் மாறவில்லை என்றால் அது தரைதட்டியிருக்கிறது, அல்லது ஜெட்டியில் (கப்பலைக் கட்டி நிறுத்தும் மேடையில்) கட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம். "தரைதட்டலக்கா, நங்கூரத்துலதான் நிக்குது. தம்பி உண்மையைத்தான் சொல்றான்" என்றேன்.

அவர் வெகுநேரம் திரையையே பார்த்தார். "அந்தப் புள்ளிலயா எம் புள்ள இருக்கான்?" என்றார்.

கடற்படைத் தளங்கள், உடைபடும் கப்பல்கள், கைவிடப்பட்ட கப்பல்கள் என்று பல வருஷமாகச் செயற்கைக்கோள் படங்களில் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த ராத்திரிக்குப் பிறகு அதே படங்களை வேறு மாதிரி பார்க்கிறேன். ஒரு கப்பல் ஏன் நகராமல் நிற்கிறது என்பதை மேலேயிருந்து எந்த அளவுக்குச் சொல்ல முடியும், எங்கே போய் அந்தப் பார்வை நின்றுவிடுகிறது என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

மும்பைக்காரர்களுக்கு இந்தப் பழக்கம் சுலபமாகத் தொற்றும். கேட்வே ஆஃப் இந்தியாவில் படகு ஏறி எலிஃபண்டா தீவுக்குப் போகிற எல்லோரும் கடற்படைத் துறையைக் கண்ணாலேயே பார்க்கிறார்கள். இங்கே கப்பல் கட்டுவது 1735 வாக்கில் சூரத்திலிருந்து வந்த லவ்ஜி நுசர்வான்ஜி வாடியா என்ற பார்சி தச்சரோடு வேர்பிடித்தது. அந்தக் குடும்பம் தேக்கில் கட்டிக்கொடுத்த போர்க்கப்பல்களில் ஒன்று 1817இல் இங்கிருந்து கடலில் இறங்கியது. பெயர் டிரிங்கோமலி. ஆமாம், நம் திருகோணமலைதான், ஆங்கிலேயர் வாயில் அப்படி ஆனது. அந்தக் கப்பல் இன்னும் இருக்கிறது. இங்கிலாந்தின் ஹார்டில்பூல் ஊரை கூகுள் எர்த்தில் தேடி, பழைய துறைப்பக்கம் பெரிதாக்கினால், அருங்காட்சியகக் கட்டடங்களுக்கு நடுவே மூன்று பாய்மரங்களின் நிழலோடு தெரியும். பம்பாயில் பிறந்து, ஒரு தமிழ் ஊரின் பெயரைச் சுமந்து, இருநூறு வருஷத்துக்குப் பிறகும் மிதக்கிற மரக்கப்பல். முதன்முதலில் கண்டுபிடித்த அன்று தூக்கம் வரவில்லை.

நிழல் என்றேன். கப்பலைப் படத்தில் படிக்கிறவர் முதலில் பழகவேண்டியது நிழலைத்தான். மேலேயிருந்து பார்த்தால் கொடிமரமும் ரேடார் கோபுரமும் வெறும் புள்ளிகள். சூரியன் சாய்ந்திருக்கும் நேரத்தில் எடுத்த படத்தில் அவற்றின் நிழல் தண்ணீரில் நீண்டு விழும். பக்கவாட்டில் நின்று பார்த்த மாதிரி கப்பலின் உருவம் கிடைத்துவிடும். அடுத்தது நீள அகலக் கணக்கு. நம் கொல்கத்தா வகை டெஸ்ட்ராயர் போர்க்கப்பல் 163 மீட்டர் நீளம், 17.4 மீட்டர் அகலம். அகலத்தைப்போல ஒன்பது மடங்குக்கு மேல் நீளம். நிலக்கரியோ இரும்புத்தாதோ ஏற்றும் பெரிய சரக்குக் கப்பல் 290க்கு 45 என்று வரும், ஆறு மடங்கு சொச்சம்தான். வேகத்துக்குச் செய்தது ஒல்லியாக இருக்கும், சுமைக்குச் செய்தது தடியாக இருக்கும். விமானந்தாங்கி இந்தக் கணக்குக்குள் வராது. 2022இல் கொச்சியில் படையில் சேர்ந்த புதிய விக்ராந்தின் நீளம் 262 மீட்டர், அகலம் 62 மீட்டர். அதைப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

அப்புறம், கப்பலை விட்டுவிட்டு ஜெட்டியைப் பாருங்கள். கார், லாரி நிற்கிறதா? பக்கத்தில் கிரேன் இடம் மாறியிருக்கிறதா? உயிரோடு இருக்கும் கப்பலைச் சுற்றி எப்போதும் கசகசவென்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். ஓய்வு கொடுத்துப் பொத்தி வைத்த கப்பல்கள் இரண்டு மூன்றாக ஒட்டிக் கட்டப்பட்டு, ஆள் அரவமற்ற ஜெட்டியில் வருஷக்கணக்கில் ஒரே மாதிரி இருக்கும். அமெரிக்காவின் பிரெமர்டன் துறையில் கிட்டி ஹாக் விமானந்தாங்கி 2009இல் ஓய்வுபெற்ற பிறகு அப்படித்தான் கிடந்தது. கடைசியில் அதையும் ஜான் எஃப். கென்னடி என்ற இன்னொரு விமானந்தாங்கியையும் தலா ஒரு சென்ட்டுக்கு உடைக்க விற்றார்கள். பனாமா கால்வாய்க்குள் நுழையாது என்பதால் கிட்டி ஹாக்கைத் தென்னமெரிக்காவையே சுற்றி டெக்சாஸுக்கு 2022இல் இழுத்துப் போனார்கள்.

இவ்வளவும் பார்க்கும் வசதி நமக்குக் கிடைத்து அதிக காலம் ஆகவில்லை. 1984இல் சாமுவேல் லோரிங் மோரிசன் என்ற அமெரிக்கக் கடற்படை உளவுப் பகுப்பாய்வாளர், கேஎச்-11 உளவுச் செயற்கைக்கோள் எடுத்த மூன்று படங்களை ஒரு பிரிட்டிஷ் பாதுகாப்பு வார இதழுக்குக் கொடுத்தார். கருங்கடல் ஓரம் நிகோலயேவ் கப்பல் கட்டும் துறையில் சோவியத் விமானந்தாங்கிகள் உருவாவது அதில் தெரிந்தது. அவருக்கு இரண்டு வருஷச் சிறைத் தண்டனை. 2001இல்தான் அதிபர் கிளிண்டன் மன்னிப்பு வழங்கினார். அந்தத் துறையில் அப்போது வேலை நடந்துகொண்டிருந்த கப்பல்களில் ஒன்றின் பெயர் பாகு. அதுவே பிறகு அட்மிரல் கோர்ஷ்கோவ் ஆகி, நம்மிடம் வந்து ஐஎன்எஸ் விக்ரமாதித்யா ஆனது. இன்று அதன் தாய்த்துறை கார்வார். ஒருவர் சிறைக்குப் போகக் காரணமான அந்தத் துறையை இன்றைக்கு ஒரு கல்லூரி மாணவி போனில் திறந்து பார்க்கலாம். விலை கொடுத்தால் 30 சென்டிமீட்டர் அளவுவரை துல்லியமான படம் தனியார் நிறுவனங்களிடமே கிடைக்கிறது.

கூகுள் எர்த் வந்த அதே 2005இல், அக்டோபர் மாதம், ஐதராபாத்தில் காவல்துறை அதிகாரிகள் முன்னால் அப்துல் கலாம் இதைப் பற்றிக் கவலைப்பட்டுப் பேசினார். நாட்டின் முக்கியமான இடங்கள் இப்படித் திறந்து கிடக்கலாமா என்பது அவர் கேள்வி. ராக்கெட்டும் தெரிந்தவர், ராமேசுவரத்துக் கடலும் தெரிந்தவர். அவர் சொன்னதை லேசாகத் தள்ளிவிட முடியாது. என் அளவில் ஒரு வரம்பு வைத்திருக்கிறேன்: நம் துறையில் இன்றைக்கு எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்பதை எங்கும் எழுதுவதில்லை. பல வருஷமாக ஊரே பார்த்த விஷயங்களைப் பற்றி மட்டும் பேசுவேன். உதாரணமாக, மும்பைத் துறையில் 2019 செப்டம்பரில் திறந்த விமானந்தாங்கி உலர்துறை, அதாவது தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் பள்ளம். 281 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆழம். கடலை ஒதுக்கிக் கட்டிய அந்தப் பள்ளம் எப்படி உருவானது என்பதைப் பழைய படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தால் புரியும்.

தளங்கள் விஷயத்தில் இந்தப் படங்கள் அரசுகளின் பேச்சை முந்திவிடுகின்றன. சீனாவின் ஹைனான் தீவில் யூலின் தளத்தில் மலைக்கு அடியில் குடைந்த நீர்மூழ்கி வாசலைப் பற்றி உலகம் பேச ஆரம்பித்தது 2008இல், வணிகச் செயற்கைக்கோள் படங்கள் வெளியான பிறகு. 2020 ஆகஸ்டில் ஒரு நீர்மூழ்கி அந்த வாசலுக்குள் நுழைகிற நேரத்தில் ஒரு படம் அகப்பட்டது. பக்கத்தில் இழுவைப் படகுகள்கூடத் தெரிந்தன. இதே கதை நம் பக்கத்திலும் உண்டு. மொரீசியஸுக்குச் சொந்தமான அகலேகா தீவில் இந்தியா 3 கிலோமீட்டர் விமான ஓடுதளமும் ஒரு ஜெட்டியும் கட்டியது. திறப்பு விழா 2024 பிப்ரவரி 29 அன்றுதான் நடந்தது. அதற்கு வெகு முன்பே தென்னந்தோப்புகளுக்கு நடுவே நீண்டு வளரும் வெள்ளைக் கோட்டைப் படம் பார்க்கிறவர்கள் கவனித்துவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், தளமா கைவிட்ட கப்பலா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று. தென்சீனக் கடலில் செகண்ட் தாமஸ் ஷோல் என்ற பவளத்திட்டின் மேல் ஒரு துருப்பிடித்த கப்பல் உட்கார்ந்திருக்கிறது. 1944இல் அமெரிக்கா கட்டிய, சுமார் 100 மீட்டர் நீளத் தரையிறங்கு கப்பல். இரண்டாம் உலகப்போரைப் பார்த்தது, வியட்நாமைப் பார்த்தது, பிறகு பிலிப்பைன்ஸ் கைக்கு வந்து சியெர்ரா மாத்ரே என்று பெயர் பெற்றது. 1999இல் பிலிப்பைன்ஸ் வேண்டுமென்றே அதை அந்தத் திட்டில் தரைதட்ட வைத்தது. அந்த இடம் தங்களுடையது என்று காட்ட இன்றுவரை ஒரு சிறு மரைன் குழு அதில் குடியிருக்கிறது. பச்சை நீலத் தண்ணீரில் கருஞ்சிவப்புக் கீறலாகத் தெரியும் அந்தக் கப்பலின் திசை எந்தப் படத்திலும் ஒரு டிகிரிகூட மாறுவதில்லை. படத்தை மட்டும் பார்த்தால் செத்த கப்பல் என்றுதான் சொல்வோம். ஆனால் பிலிப்பைன்ஸ் கடற்படைப் பட்டியலில் அது இன்னும் பணியில் இருக்கும் போர்க்கப்பல். அதற்குச் சோறும் தண்ணியும் கொண்டுபோகும் படகுகளைச் சீனக் கடலோரக் காவல்படை மறிப்பதும், தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதும் செய்தியில் வந்துகொண்டே இருக்கிறது.

மேலேயிருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் ஏமாற்றவும் செய்கிறார்கள். ரஷ்யாவின் கருங்கடல் படை 2023இல் சில கப்பல்களின் அணியத்தையும் அமரத்தையும் கருப்பாகப் பூசியது. இரண்டு முனையும் கடலோடு கலந்துவிட்டால் நடுப்பகுதி மட்டும் தெரியும், நீளக் கணக்கு தப்பாகும், பெரிய கப்பல் சின்னக் கப்பலாகத் தோன்றும். சாதாரணப் படத்துக்கு இது ஓரளவு பலிக்கும். ரேடார் படத்தில் பலிக்காது. ரேடார் பெயிண்டைப் பார்ப்பதில்லை, இரும்பின் மூலைமுடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பார்க்கிறது.

ரேடாரின் அருமை மும்பை மழையில்தான் புரியும். 2011இல் நடந்ததை இந்த ஊரில் பலருக்கும் இன்னும் ஞாபகம் இருக்கும். ஜூன் மாதம், கொழும்பிலிருந்து குஜராத்தின் அலங்குக்கு உடைக்க இழுத்துப் போன விஸ்டம் என்ற கப்பல் கயிறு அறுந்து ஜுஹு கடற்கரையில் வந்து உட்கார்ந்தது. பஜ்ஜி சாப்பிட வந்த கூட்டமெல்லாம் கப்பல் பார்த்தது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி ஜூலை 31 அன்று. பாவித் என்ற சிறிய டேங்கர், ஆளே இல்லாமல், தானாக மிதந்து அதே ஜுஹு பக்கம் கரையொதுங்கியது. ஓமன் அருகே என்ஜின் அறையில் தண்ணீர் புகுந்து, மூழ்கிவிடும் என்று ஊழியர்கள் வெளியேறிய கப்பல் அது. மூழ்கவில்லை. ஒரு மாதம் அரபிக்கடலைத் தனியாகக் கடந்து மும்பையின் வாசலுக்கு வந்துவிட்டது. 2008 நவம்பரில் கடல் வழியே வந்தவர்கள் இந்த நகரத்துக்குச் செய்ததை மறக்காத ஊர் இது. கடற்படை, கடலோரக் காவல்படை, காவல்துறைப் படகுகள், எல்லாவற்றையும் தாண்டி ஒரு கப்பல் வந்தது எப்படி என்று கொந்தளித்தது நியாயம்தான்.

படம் பார்க்கிறவன் பக்கமிருந்து ஒன்று சொல்லலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலின் மேல் மேகம் கம்பளி மாதிரி மூடிக்கிடக்கும். சாதாரணக் கேமரா எத்தனை முறை பறந்தாலும் வெள்ளைப் பஞ்சுதான் கிடைக்கும். ஏஐஎஸ் என்ற கருவி கப்பலின் பெயரையும் இடத்தையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும். அதற்கும் மின்சாரம் வேண்டும். ஆளில்லாத கப்பலில் பேட்டரி தீர்ந்தால் ஊமைதான். மேகத்தையும் இருட்டையும் துளைத்துப் பார்க்கும் ரேடார் செயற்கைக்கோள்தான் அங்கே வழி. இஸ்ரோவின் ரிசாட்-1 2012இலும், ஐரோப்பாவின் சென்டினல்-1 2014இலும் வானேறின. ரேடார் படத்தில் கடல் கறுப்பாகத் தெரியும், அதில் ஒரு கப்பல் இருந்தால் அது சிம்னி விளக்கு மாதிரி பளிச்சென்று தெரியும்.

சரி, வேலை முடிந்த கப்பல் எங்கே போகிறது? மும்பையில் அதற்கு ஒரு விலாசம் உண்டு: தாருகானா. ரே ரோடு ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே நடந்தால் வரும். தாரு என்றால் இங்கே பலருக்குச் சாராயம்தான் ஞாபகம் வரும். பெயரில் இருப்பது வெடிமருந்து, பழைய வெடிமருந்துக் கிடங்கு. என் சித்தப்பா தாராவியில் பழைய கயிறும் தார்ப்பாயும் வாங்கி விற்றபோது சின்னப் பையனாக அவரோடு அங்கே போயிருக்கிறேன். கேஸ் கட்டரின் சீற்றம், எரிந்த பெயிண்ட் வாடை, காலுக்கடியில் கறுத்த சேறு. ஒரு கப்பல் குறுக்கே வெட்டுப்பட்டு நின்றது; உள்ளே அறைகளும் படிக்கட்டுகளும் திறந்து கிடந்தன. ஒரு அறையின் சுவரில் யாரோ ஒட்டிய குழந்தைப் படம் ஒன்று அப்படியே இருந்தது.

அந்தச் சேற்றுக்குத்தான் பழைய ஐஎன்எஸ் விக்ராந்த் வந்து சேர்ந்தது. 1961இல் படையில் சேர்ந்து, 1971 போரில் கிழக்குக் கடலில் நின்று, 1997 ஜனவரி 31 அன்று ஓய்வுபெற்ற கப்பல். பிறகு 2012 வரை அருங்காட்சியகமாக மும்பையிலேயே இருந்தது. காப்பாற்றச் செலவாகும் என்று ஏலம் விட்டார்கள், சுமார் 60 கோடி ரூபாய்க்குப் போனது. 2014 மே 28 அன்று கடற்படைத் துறையிலிருந்து தாருகானாவுக்கு இழுத்துப் போனார்கள். உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போய், அந்த நவம்பரில் உடைப்பு தொடங்கியது. அந்தச் சமயத்தில் இலவசமாகக் கிடைத்தது அமெரிக்காவின் லேண்ட்சாட்-8 செயற்கைக்கோள் படம். 16 நாளுக்கு ஒரு முறை, கறுப்பு வெள்ளையில் ஒரு புள்ளிக்கு 15 மீட்டர். விக்ராந்தின் நீளம் 213 மீட்டர். வகுத்துப் பார்த்தால் பதினான்கு புள்ளி. நாட்டின் முதல் விமானந்தாங்கி, பதினான்கு சாம்பல் புள்ளி. மழைக்காலம் முடிந்து மேகம் விலகிய பிறகு ஒவ்வொரு படமாக எண்ணத் தொடங்கினேன். நீளம் சிறுகச் சிறுகக் குறைந்தது. ஒரு கட்டத்தில் புள்ளிகளில் கப்பல் எது, சேறு எது என்று பிரிக்க முடியாமல் போனது. அதன் இரும்பில் கொஞ்சம் பிறகு பைக்காகச் சாலைக்கு வந்தது. அந்த பைக்கை மாட்டுங்கா சிக்னலில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பதினான்கு புள்ளிதான் நினைவுக்கு வரும். அதைக் காப்பாற்றி வைத்திருக்கவேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இருநூறு வயது மரக்கப்பலை இன்னொரு நாடு கூரைக்குள் வைக்காத குறையாகப் பார்த்துக்கொள்ளும்போது, ஐம்பது வயது இரும்புக் கப்பலுக்கு நம்மிடம் இடமில்லாமல் போனது.

அடுத்து ஐஎன்எஸ் விராட், நம் இன்னொரு விமானந்தாங்கி. 2017 மார்ச் 6 அன்று ஓய்வு. 2020 செப்டம்பர் 19 அன்று மும்பையை விட்டுக் கிளம்பி, 28ஆம் தேதி குஜராத்தின் அலங்கில் கரையேற்றப்பட்டது. நாளைக் கவனியுங்கள், பௌர்ணமியை ஒட்டிய நாட்கள். அலங்கில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 10 மீட்டரைத் தொடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் உச்சத்துக்கு வரும்போது கப்பலை முழு வேகத்தில் கரையை நோக்கி விடுவார்கள், அல்லது இழுத்து ஏற்றுவார்கள். தண்ணீர் வடிந்ததும் கப்பல் சேற்றில் நிற்கும். 1983 முதல் அங்கே இதுதான் தொழில். செயற்கைக்கோள் படத்தில் அலங் கடற்கரை, தொட்டியில் வாய் வைத்த மாடுகளின் வரிசை போல இருக்கும்: பத்துக் கிலோமீட்டருக்குக் கப்பல்கள் கரையில் தலை வைத்து நிற்கின்றன. கரைப்பக்கம் இருக்கும் அணியத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள். அதனால் பக்கத்துப் பக்கத்துக் கப்பல்களில் எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று மிச்ச நீளத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

கைவிட்ட கப்பல்களுக்கு உலகம் முழுக்க இடங்கள் இருக்கின்றன. மொரிட்டானியாவின் நுவாதிபு விரிகுடாவில் ஒரு காலத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டவை கிடந்தன. அமெரிக்காவின் மேலோஸ் பேயில், முதல் உலகப்போருக்கு அவசரமாகக் கட்டிய மரக்கப்பல்கள் மக்கி, அவற்றின் மேல் மரம் முளைத்து, கப்பல் வடிவிலேயே பச்சைத் தீவுகளாகிவிட்டன. உஸ்பெகிஸ்தானின் மொய்னாக்கில் மீன்பிடிக் கப்பல்கள் பாலைவன மணலில் நிற்கின்றன. அங்கே கப்பல் நகரவில்லை, கடல்தான் நகர்ந்தது. பருத்திக்காக ஆறுகளைத் திருப்பியதில் ஏரல் கடல் நூறு கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிவிட்டது. இவற்றையெல்லாம் தேடிப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. நானும் செய்திருக்கிறேன். துருவும் தனிமையும் படத்தில் அழகாகவே இருக்கும்.

ஆனால் கைவிட்ட கப்பல் என்றால் ஆளில்லாத கப்பல் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. அங்கே கைவிடப்படுவது மாலுமி. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, உரிமையாளர் ஊருக்கு அனுப்பும் செலவை ஏற்காவிட்டாலோ, உணவு, தண்ணீர், எரிபொருள் கொடுக்காமல் விட்டாலோ, குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் தராமல் தொடர்பை அறுத்துக்கொண்டாலோ, அந்த மாலுமி கைவிடப்பட்டவர். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் கணக்கில் 2024இல் மட்டும் 312 கப்பல்களில் 3,133 பேர். அதில் 899 பேர் இந்தியர்கள். எந்த நாட்டுக்காரரையும்விட அதிகம்.

இறங்கி வந்துவிட வேண்டியதுதானே என்று மூன்றாம் மாடி அக்காவும் கேட்டார். முடியாது. ஆளில்லாத கப்பல் மற்றவற்றின் மேல் மோதும் என்பதால் குறைந்தபட்ச ஆட்களாவது இருக்கவேண்டும் என்று துறைமுகம் சொல்லும். கரையில் கால் வைக்க விசா வேண்டும். சம்பளப் பாக்கிக்கு ஈடாக இருப்பது அந்தக் கப்பல் ஒன்றுதான். அதை விட்டு இறங்கினால் பாக்கி போய்விடும் என்ற பயம் வேறு. முகமது ஆயிஷா என்ற சிரிய அதிகாரி எகிப்தில் அமான் என்ற கப்பலில் மாட்டிக்கொண்டது இப்படித்தான். 2017இல் கப்பலைப் பிடித்து வைத்தார்கள். நீதிமன்றம் அவரையே அதன் சட்டப்படியான காவலராக்கியது. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போக, மின்சாரம் இல்லாத கப்பலில் அவர் தனியாக இருந்தார். ஒரு புயலில் கப்பல் நங்கூரத்தோடு இழுபட்டுக் கரைக்குப் பக்கம் போனதை அவர் நல்ல காலமாக நினைத்தார். நீந்திப் போய்ச் சாப்பாடு வாங்கவும் போனுக்குச் சார்ஜ் போடவும் முடிந்ததே! 2021 ஏப்ரலில்தான் ஊர் திரும்பினார். படத்தில் பார்த்திருந்தால் சூயஸ் அருகே கரையோரம் ஒரு கப்பல் நிற்கிறது என்பதற்கு மேல் எதுவும் தெரிந்திருக்காது.

சென்னைக்காரர்களுக்கு இது தூரத்துக் கதையும் அல்ல. 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில் பெசன்ட் நகர் அருகே தரைதட்டிய பிரதிபா காவேரியை எல்லோரும் போய்ப் பார்த்தோம், போட்டோ எடுத்தோம். அதில் இருந்தவர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை, சாப்பாட்டுக்கும் எரிபொருளுக்கும் தட்டுப்பாடு என்பது பிறகுதான் பேச்சில் வந்தது. உயிர்காக்கும் படகில் இறங்கியவர்களில் சிலர் திரும்பவே இல்லை.

செயற்கைக்கோளால் பட்டினியைப் பார்க்க முடியாது, தேதிகளைப் பார்க்க முடியும். இத்தனாம் தேதி முதல் இத்தனாம் தேதி வரை இந்தக் கப்பல் இந்த இடத்தை விட்டு நகரவில்லை என்று படத்தோடு சொல்ல முடியும். அக்காவுக்கு நான் செய்துகொடுத்தது அவ்வளவுதான்: இருபத்தாறு படங்கள், ஒவ்வொன்றிலும் தேதி, நடுவில் சிவப்பு வட்டம். காஞ்சூர்மார்க்கில் இருக்கும் கப்பல்துறை இயக்குநரகத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் எழுதிய மனுவோடு அவற்றை வைத்தார். பையனின் சம்பளச் சீட்டும் ஒப்பந்த நகலும்தான் முக்கியமான ஆதாரம். படங்கள் அதற்குத் துணை. கடலுக்குப் பிள்ளையை அனுப்பியிருக்கும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். கப்பலின் பெயர் மாறும், கொடி மாறும். ஐஎம்ஓ எண் என்ற ஏழு இலக்க எண் மட்டும் கப்பல் கட்டிய நாள் முதல் உடைபடும் நாள் வரை மாறாது. கப்பல் ஏறும் அன்றே அதை வாங்கி வீட்டில் எழுதி வையுங்கள். அந்த எண் இருந்தால் உலகத்தில் எங்கே நின்றாலும் தேடிவிடலாம்.

பையன் பதினான்காவது மாதம் வந்து சேர்ந்தான். மெலிந்திருந்தான், தாடி வைத்திருந்தான். காப்பீட்டு நிறுவனம் நாலு மாதச் சம்பளம் கொடுத்தது. உடன்படிக்கை கட்டாயமாக்கியிருப்பது அவ்வளவுதான், மிச்சத்துக்கு வழக்கு நடக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகனும் என் வீட்டுக்கு வந்தார்கள். காபி குடித்து முடித்ததும் அக்கா கேட்டார்: "தம்பி, அந்தக் கப்பல் இன்னும் அங்கயேதான் நிக்குதா?"

திறந்தேன். மூன்று நாள் முன்பு எடுத்த படம். வெள்ளைக் கீற்று அதே இடத்தில் இருந்தது.

"இப்ப அதுல யாரு இருக்கா?"

மகன்தான் பதில் சொன்னான். சமையல்காரரும் என்ஜின் அறையில் ஒருவரும் இன்னும் இறங்கவில்லையாம். சமையல்காரருக்கு ஊர் ஒடிசா, இரண்டு பெண் குழந்தைகள். தண்ணீர் தீரும் நாட்களில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்துச் சோறு வடித்தவர் அவர் என்றான். அக்கா அவருடைய பெயரைக் கேட்டு, தன் போனில் எழுதிக்கொண்டார். அவர் வீட்டு நம்பர் இருக்கிறதா என்று மகனிடம் விசாரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அந்தப் படங்களை மறுபடி முதல் தேதியிலிருந்து எடுத்துத் தரச் சொன்னார்.

அன்றைய படத்தில் அணியம் தென்கிழக்கே திரும்பியிருந்தது.